சத்தம் கேட்டது... சொல் கேட்டதா?

 

நம்ம பக்கத்துல வழக்கமா தல வரலாறு, விரத முறை, திருப்புகழ் விளக்கம்னுதான் பதிவு வரும். இன்னைக்கு நான் எழுதறது கொஞ்சம் வேற மாதிரி. காது எப்படிக் கேட்குது, கேட்டதை மூளை எப்படிப் பேச்சா மாத்துதுங்கிற விஷயம். நான் படிச்சது எஞ்சினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. டாக்டர் இல்ல. ஆனா எங்க வீட்டுல நடந்த ஒரு சம்பவத்துக்கு அப்புறம் இதைப் பத்தி நிறைய படிக்க வேண்டி வந்துச்சு. படிக்கப் படிக்க ஒரு கேள்வி மனசுல நின்னுடுச்சு.

ஒருத்தர் பேசினது இன்னொருத்தருக்குப் போய்ச் சேரலைன்னா, தப்பு யார் மேல?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

எங்க அப்பா

எங்க ஊர் கல்பாக்கத்தை ஒட்டியிருக்கிற புதுப்பட்டினம். அப்பா 30 வருஷத்துக்கு மேல சொந்தமா லேத் பட்டறை வெச்சிருந்தார். இரும்பு கடையற சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்த மனுஷன். இப்போ 64 வயசு. பட்டறையை மூடிட்டு வீட்டுல இருக்கார்.

ரெண்டு மூணு வருஷமா எது சொன்னாலும் "ஆங்? என்ன?"ன்னு திருப்பிக் கேட்க ஆரம்பிச்சார். நான் வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்தே வேலை பார்க்கிறேன். நாள் பூரா மீட்டிங்ல பேசிட்டு வெளிய வந்தா, அப்பாகிட்டயும் ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்லணும். ஒரு நாள் ராத்திரி அவர் மூணாவது தடவையா "என்னப்பா சொன்ன?"ன்னதும் எரிஞ்சு விழுந்துட்டேன். "டிவி மட்டும் கேக்குது, நான் பேசறது மட்டும் கேக்கலையா? கொஞ்சம் காதுல வாங்குங்கப்பா!"

அவர் ஒண்ணும் சொல்லல. அதுல இருந்து திருப்பிக் கேட்கிறதையே நிறுத்திட்டார். எது சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார். நானும் சரியாயிடுச்சு போலன்னு விட்டுட்டேன்.

போன வருஷம் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தாங்க. கூடத்துல பத்துப் பன்னிரண்டு பேர். ஃபேன் ஓடுது, குழந்தைங்க விளையாடுது, ஆளாளுக்கு ஒரு பேச்சு. மாப்பிள்ளையோட பெரியப்பா எங்க அப்பாவைப் பார்த்து, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலையை விட்டுடும் இல்லீங்களா?"ன்னு கேட்டார். அப்பா சிரிச்சுக்கிட்டே, "ஆமாங்க, ஆமாங்க"ன்னு தலையாட்டினார்.

உள்ள இருந்த தங்கச்சி காதுல இது விழுந்துடுச்சு. மூணு வருஷம் பரீட்சை எழுதி எழுதி வாங்கின வேலை அது. அவங்க கிளம்பிப் போனதும் அழுதுட்டா. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"ன்னா.

அவ எதுக்கு அழறான்னே அப்பாவுக்குப் புரியல. விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துப் போச்சு. "அவர் என்ன கேட்டார்னே எனக்குத் தெரியலம்மா. திரும்பக் கேட்டா அசிங்கமா இருக்குமேன்னு தலையாட்டிட்டேன்"னார்.

திரும்பக் கேட்கிறது அசிங்கம்னு அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நான்தான்.

பீப் சத்தமும் பேச்சும்

அடுத்த வாரமே செங்கல்பட்டுல காது பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி வெச்ச சின்ன அறை. ஹெட்போன் மாட்டிக் கையில ஒரு பட்டன் கொடுத்துடுவாங்க. 'பீப்' கேட்டா அழுத்தணும். 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு சுருதியா, சத்தத்தைக் குறைச்சுக் குறைச்சு வெச்சுப் பார்ப்பாங்க.

தாழ்ந்த சுருதியில எல்லாம் அப்பா டக்டக்னு அழுத்தினார். மேல போகப் போகத்தான் பிரச்சினை. 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட வந்ததும் வரைபடத்துல கோடு கிணத்துல விழுந்த மாதிரி இறங்கிடுச்சு. பல வருஷம் இரைச்சல்ல வேலை பார்த்தவங்களுக்கு முதல்ல அடிபடறது பெரும்பாலும் அந்த இடம்தான்.

அடுத்த சோதனையில பீப் கிடையாது, வார்த்தை. காது சோதிக்கிற மேடம் ஒண்ணு ஒண்ணா சொல்ல, அப்பா திருப்பிச் சொல்லணும். நல்லாக் கேட்கிற அளவுக்கு ஒலியைக் கூட்டி வெச்சுத்தான் சொன்னாங்க. ஆனா "பட்டு"ன்னா "பத்து"ங்கிறார். "காசு"ன்னா "காது"ங்கிறார். முகத்தைச் சுருக்கி, கண்ணை மூடி, உயிரைக் கொடுத்துக் கேட்கிறார். அப்படியும் பாதிக்கு மேல தப்பு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருந்த எனக்கு, 'காதுல வாங்குங்கப்பா'ன்னு நான் கத்தினதுதான் ஞாபகம் வந்துச்சு.

வெளிய வந்ததும் மேடம் சொன்னாங்க: "ஐயாவுக்குச் சத்தம் கேக்குது தம்பி. பேச்சுதான் பிரிஞ்சு கேக்கல. ரெண்டும் ஒண்ணு இல்ல."

ரெண்டும் ஏன் ஒண்ணு இல்ல? அங்க இருந்துதான் நான் படிக்க ஆரம்பிச்சேன்.

பீப்னா ஒரே ஒரு அதிர்வெண். காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, பேரு காக்ளியா. நீட்டிப் பிடிச்சாலும் சுமார் 35 மில்லிமீட்டர்தான். அதுக்குள்ள ஒரு சவ்வு. உயர்ந்த சுருதி வந்தா அதோட அடிப்பக்கம் அதிகமா அதிரும், தாழ்ந்த சுருதி வந்தா நுனிப்பக்கம். ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி வரிசையா இருக்குன்னு வெச்சுக்கோங்க. இந்த அதிர்வை ஆராய்ச்சி பண்ணினதுக்காக பெக்கெசிங்கிற விஞ்ஞானிக்கு 1961-ல நோபல் பரிசே கிடைச்சது. அந்தச் சவ்வு மேல இருந்து மூளைக்குச் செய்தி அனுப்பற முக்கியமான மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு சுமார் 3,500 மட்டும்தான். செத்துப்போனா மறுபடி முளைக்காது.

ஒரு பீப்புக்கு ஒரு கட்டை அழுந்தினா போதும். பேச்சு அப்படி இல்ல. சாதாரணமா பேசும்போதே ஒரு நொடிக்குப் பத்துப் பதினைஞ்சு ஒலி ஓடிடும். அதுல உயிர் ஒலிகள் பலசாலி. நீளமா ஒலிக்கும், சக்தி பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில இருக்கும். ச, த, ட, ப, க மாதிரி மெய் ஒலிகள் நொடிக்குள்ள தோணி மறையும். சக்தி ரொம்பக் கம்மி, அடையாளம் காட்டற பகுதி பெரும்பாலும் உயர்ந்த சுருதியில. ஆனா பட்டுக்கும் பத்துக்கும் வித்தியாசம் காட்டறது அந்த மெய்தான்.

இலக்கணத்துல உயிர், மெய்னு பேர் வெச்சிருக்காங்க பாருங்க. அப்பாவுக்கு உயிர் கேட்குது, மெய்தான் கேட்கல. நான் கத்தும்போது உயிர் ஒலிதான் பெருசாகும். மெய் பெருசா மாறாது. கத்தறது அவருக்கு உதவியே இல்ல, அவமானம் மட்டும்தான் மிச்சம்.

மூளைக்குள்ள நடக்கிறது

இது காது வரைக்கும். அதுக்கு மேலதான் எனக்கு ஆச்சரியம்.

காதுல இருந்து கிளம்பற செய்தி நெற்றிப்பொட்டுப் பக்கம் இருக்கிற மூளை மடலுக்குப் போகுது. அங்க முதல்ல வரவேற்கிற பகுதியிலயும் அதே ஆர்மோனியக் கட்டை வரிசைதான். பீப்போ, பேச்சோ, நாய் குரைக்கிறதோ எல்லாம் அங்க வந்தாகணும். அதுக்குப் பக்கத்துல, கொஞ்சம் கீழே இருக்கிற பகுதியோட குணம் வேற. பைண்டர்ங்கிறவரும் அவர் குழுவும் 2000-ல ஸ்கேன் வெச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. அந்தப் பகுதி வெறும் பீப்புக்கு வேலை செய்யறதை விட பேச்சு ஒலிக்கு அதிகமா வேலை செஞ்சது. ஆனா உண்மையான வார்த்தை, அர்த்தமே இல்லாத போலி வார்த்தை, தலைகீழா ஓடவிட்ட பேச்சு, இந்த மூணுக்கும் நடுவுல அது பெரிய வித்தியாசம் காட்டல. அதாவது, 'இது பேச்சு மாதிரியான ஒலி'ன்னு பிரிக்கிறது ஒரு கட்டம். அர்த்தம் பண்ணிக்கிறது அதுக்கு அப்புறம் வேற கட்டம்.

திருப்புகழ் பாடறவங்களுக்கு இது சட்டுனு புரியும். புத்தகத்துல ஒவ்வொரு பாட்டுக்கும் மேல சந்தக் குழிப்பு போட்டிருப்பாங்க, தன, தான, தனனன்னு. அதுக்கு அர்த்தம் கிடையாது. ஆனா ஆர்மோனியத்துல வாசிச்ச வெறும் சுருதியும் கிடையாது. நாக்கு பல்லைத் தொட்டுத்தான் 'த' வரணும். சுருதி, சந்தம், சொல். மூணு படி. 15-ம் நூற்றாண்டுல அருணகிரிநாதர் பாடின பாட்டுல ஏறிப் போற அதே படியில, மூளையும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏற வேண்டியிருக்கு.

ஏதாவது ஒரு படி உடைஞ்சா என்ன ஆகும்? அபூர்வமா சிலருக்குப் பக்கவாதத்துல அந்தப் பகுதி மட்டும் பாதிக்கும். பீப் கேட்கும். மணிச்சத்தம், நாய் குரைப்பு தெரியும். எழுதினதைப் படிப்பாங்க, தானே பேசுவாங்க. ஆனா அடுத்தவங்க பேசறது மட்டும் புரியாத அந்நிய பாஷை மாதிரி இருக்கும். காதுல எந்தக் குறையும் இருக்காது. வார்த்தைக்கு மட்டும் செவிடு.

மூணு விசில்

எல்லாத்தையும் விட என்னை உலுக்கின ஒரு சோதனை 1981-ல நடந்தது. ரெமெஸ்ங்கிறவரும் கூட மூணு பேரும் சேர்ந்து சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க. ஒரு ஆள் பேசின ஒரு வாக்கியத்தை எடுத்துக்கிட்டாங்க. அதுல குரலை முழுசா நீக்கிட்டு, முக்கியமான மூணு சுருதிக் கோடு எப்படி ஏறி இறங்குதோ அதே மாதிரி மூணு விசிலை மட்டும் சேர்த்து ஒலிக்க வெச்சாங்க. அவ்வளவுதான். மூணு பீப், ஆனா நெளிஞ்சு நெளிஞ்சு போற பீப்.

ஒண்ணும் சொல்லாம போட்டுக் காட்டினா, நிறைய பேருக்கு அது ஏதோ விண்வெளிப் படத்துல வர்ற கிய்யா முய்யா சத்தமாத்தான் தெரிஞ்சது. 'இது ஒருத்தர் பேசற வாக்கியம், என்னன்னு எழுதுங்க'ன்னு சொல்லிட்டுப் போட்டா, அதே சத்தத்துல பல பேருக்கு வாக்கியம் கேட்டுச்சு. சத்தத்துல ஒரு துளி மாத்தல. கேட்கிறவங்க மனசுல மட்டும் ஒண்ணு மாறுச்சு: யாரோ நம்மகிட்ட பேசறாங்க. பின்னாடி ஸ்கேன் வெச்சுப் பார்த்தவங்க, அதே சத்தம் பேச்சா கேட்க ஆரம்பிச்சதும் மூளையோட இடது பக்கத்துல வேலை கூடறதையும் பார்த்திருக்காங்க.

அந்த வாக்கியம் என்ன தெரியுமா? "ஒரு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எங்க இருந்தீங்க?"

எனக்கு அது அப்பா என்னைக் கேட்கிற மாதிரி இருந்துச்சு.

சொல்ல வர்றது இதுதான். பேச்சு காத்துல முழுசா செஞ்சு வர்ற பொருள் இல்ல. பாதி காத்துல வருது, மீதியைக் கேட்கிறவர் கட்டறார். சாஃப்ட்வேர்க்காரனுக்குத் தெரிஞ்ச உதாரணம் ஒண்ணு சொல்றேன். பழைய டெலிபோன் லைன் 300-ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அனுப்பும். ஆம்பளைக் குரலோட அடிப்படைச் சுருதி சுமார் 120 ஹெர்ட்ஸ். அது கம்பியில ஏறவே இல்ல. ஆனா அப்பாவோட கட்டைக் குரலை போன்ல நாம கட்டைக் குரலாத்தான் கேட்டோம். மேல வந்த சுருதிகளை வெச்சு, வராத சுருதியை மூளையே போட்டுக்கிச்சு.

பழகின காது

கட்டறதுக்குச் செங்கல் எங்க இருந்து வருது? பழக்கத்துல இருந்து. வெர்க்கர், டீஸ்னு ரெண்டு பேர் 1984-ல எழுதின ஆய்வு இருக்கு. இந்தியில வர்ற 'த', 'ட' வித்தியாசத்தை இங்கிலீஷ் பேசற வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினாங்க. ஆறேழு மாசக் குழந்தை கண்டுபிடிச்சது. ஒரு வயசு நெருங்கினப்போ அதே வீட்டுக் குழந்தைங்க பெரும்பாலும் கோட்டை விட்டாங்க. வீட்டுல அந்த வித்தியாசம் தேவைப்படல, மூளை அதை ஓரங்கட்டிடுச்சு. என்னோட மீட்டிங்ல வர்ற வெளிநாட்டு ஆளுக்குப் பட்டும் பத்தும் ஒண்ணாத்தான் கேட்கும். அவர் காது நல்ல காதுதான்.

நம்மளை நாமே கேலி பண்ணிக்கலாம். எங்க ஊர் கடற்கரை ஊர். மீன் வாங்கப் போனா வாளை, சந்தையில வாழை. ழகரத்தையும் ளகரத்தையும் ஒண்ணாக்கிப் பேசி, இப்போ பாதிப் பேருக்குக் காதுலயும் அது ஒண்ணாயிடுச்சு. இன்னொரு பக்கம், 'பாவம்'னு ஒரே மாதிரி எழுதினாலும் பாவ புண்ணியத்துல வர்றதையும் பாட்டுல வர்ற பாவத்தையும் வேற வேறயா சொல்றோம், வேற வேறயா கேட்கிறோம். லிஸ்கர், ஆப்ராம்சன் ரெண்டு பேரும் 1964-ல 11 மொழிகளை எடுத்து, உதடோ நாக்கோ திறந்ததுக்கும் குரல்நாண் அதிர ஆரம்பிச்சதுக்கும் உள்ள இடைவெளியை அளந்தாங்க. அதுல தமிழும் ஒண்ணு. நொடியை நூறாப் பிரிச்சா, அதுல ஒரு சில பங்கு. அவ்வளவு நுணுக்கத்தைக் காது பிடிக்குது.

அதனாலதான் பிறவியிலேயே கேட்காத குழந்தைங்க விஷயத்துல டாக்டருங்க அவசரப்படறாங்க. தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி இலவசமா பொருத்தறாங்க. 3,500 மயிர்ச்செல் இருக்க வேண்டிய இடத்துல அந்தக் கருவி கொடுக்கிறது அதிகபட்சம் இருபத்திச் சொச்சம் மின்முனைதான். ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே குழந்தைக்குப் பேச்சு புரியாது. மாசக்கணக்குல பயிற்சி வேணும், அம்மா அப்பா விடாம பேசணும். கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும். சொல்லை மனுஷங்கதான் கொடுக்கணும். உங்க சொந்தத்துல அப்படிக் குழந்தை இருந்தா தயவுசெஞ்சு காலம் கடத்தாதீங்க.

எங்க அப்பாகிட்ட வர்றேன். கிருத்திகைக்குத் திருப்போரூர் போவோம். அங்க கூட்டத்தோட கூட்டமா உட்கார்ந்து திருப்புகழ் பாடும்போது அப்பா ஒரு எழுத்து விடமாட்டார். பக்கத்துல மணி அடிக்குது, தவில் முழங்குது, எல்லாத்துக்கும் நடுவுல அடுத்த வரியைக் கரெக்டா எடுப்பார். 'கோயில்ல மட்டும் நல்லாக் கேக்குது பாரு'ன்னு நான் கிண்டல் பண்ணியிருக்கேன். இப்போ புரியுது. அந்தப் பாட்டு சின்ன வயசுல இருந்து அவர் உள்ளயே இருக்கு. வெளிய இருந்து கால்வாசி வந்தா போதும், முக்கால்வாசியை உள்ள இருந்து போட்டுக்குவார். மாப்பிள்ளையோட பெரியப்பா கேட்ட கேள்வி உள்ள இல்ல. அது முழுசா வெளிய இருந்துதான் வரணும், வரல.

பல்லி சொன்னது

இங்க ஒரு சிக்கல் இருக்கு. கேட்கிறவர் மீதியைக் கட்டறார்னா, தப்பாவும் கட்டலாம் இல்லையா?

வாரன்ங்கிறவர் 1970-ல ஒரு சோதனை பண்ணினார். பதிவு பண்ணின ஒரு வாக்கியத்துல ஒரு ஒலியை வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு இருமலை வெச்சார். கேட்டவங்களுக்கு ஒலி காணாமப் போனதே தெரியல. வார்த்தை முழுசா கேட்டதாத்தான் சொன்னாங்க. இல்லாத ஒலியை அவங்க 'கேட்டிருக்காங்க'.

நம்ம வீட்டுல பல்லி கத்தினா, "பல்லி சொல்லுது"ன்னு சொல்றோம். பல்லி எதுவும் சொல்லல, நம்ம மனசுல ஓடினதை அது மேல ஏத்திக்கிறோம். பல்லி விஷயத்துல நஷ்டம் இல்ல. மனுஷங்க விஷயத்துல இருக்கு. அப்பா "என்னப்பா சொன்ன?"ன்னு கேட்டப்போ அதுல அலட்சியம் இருக்கிற மாதிரி எனக்குக் கேட்டுச்சு. அவர் குரல்ல அலட்சியம் இல்ல. அன்னைக்கு என் மனசுல இருந்த எரிச்சல்தான் அவர் குரல்ல கேட்டுச்சு. 4,000 ஹெர்ட்ஸ்ல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா அந்த வீட்டுல அன்னைக்குச் சரியா கேட்காதவன் நான்தான்.

ஆக, காதைத் திறந்து வெச்சா மட்டும் போதாது. மனசு தயாரா இருந்தாலும் போதாது, அப்பா உயிரைக் கொடுத்துக் கேட்டும் அந்த அறையில பாதிக்கு மேல தப்பாச்சே. தயாரான மனசு தப்பாவும் கட்டிடுது. அப்போ வழி என்ன?

கேள்

நம்ம தாய்மொழியிலயே விடை இருக்குன்னு எனக்குத் தோணுது. தமிழ்ல 'கேள்'னா காதால கேட்கிறதும்தான், கேள்வி கேட்கிறதும்தான். ரெண்டுக்கும் ஒரே சொல். திருவள்ளுவர் கேள்வின்னு ஒரு அதிகாரமே வெச்சார், அது முழுக்கக் காதால கேட்டு அறியறதைப் பத்தினது. இங்கிலீஷ்ல இதுக்கு ரெண்டு தனித்தனி வார்த்தை. நமக்கு ஒண்ணு. திருப்பிக் கேட்காம கேட்கிறது முழுசாக் கேட்டதே இல்லைங்கிற மாதிரி.

கம்ப்யூட்டர் ரெண்டு பேசிக்கும்போது கூட இப்படித்தான். அனுப்பினது வந்து சேர்ந்துச்சுன்னு எதிர்முனை பதில் சொல்லணும். சொல்லலைன்னா மறுபடி அனுப்பும், கோபப்படாம.

அதனால ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இது. ஒருத்தர் பேசினது இன்னொருத்தருக்குக் கேட்கலைங்கிறது யாரோட தப்பும் இல்ல. அது மயிர்ச்செல், நரம்பு, இரைச்சல், பழக்கம் சம்பந்தப்பட்டது. கேட்காதப்போ திரும்பக் கேட்கலாம், அதுல தப்பே இல்ல. திரும்பக் கேட்க முடியாதபடி ஒருத்தரை ஆக்கி வைக்கிறதுதான் தப்பு. அந்தத் தப்பைச் செஞ்சது நான். அப்பாவோட தலையாட்டல் பொய் மாதிரி தெரியலாம். அந்தப் பொய்யை நான்தான் அவர் கையில கொடுத்தேன்.

'அப்போ கேட்கிறவருக்குப் பொறுப்பே இல்லையா? அப்பா அன்னைக்கு வெக்கத்தை விட்டுக் கேட்டிருக்கலாமே?'ன்னு தங்கச்சி என்னைக் கேட்டா. நியாயமான கேள்வி. பொறுப்பு இருக்கு. ஆனா திரும்பக் கேட்கிறதுக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையை ஏத்தறதும் குறைக்கிறதும் எதிர்ல இருக்கிறவங்க கையில. ஒரு தடவை எரிஞ்சு விழுந்தா விலை ஏறிடும். "இன்னொரு தடவை சொல்றேன்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா விலையே இல்ல.

சுவாமிமலைக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். பிரம்மா ஓங்காரத்தைத் தினமும் சொன்னார். ஒலி வாயில இருந்துச்சு, பொருள் கேட்டா பதில் இல்ல. சிறைக்குப் போனார். சிவபெருமானோ, "உனக்குத் தெரியுமா, சொல்லு"ன்னு பெத்த பிள்ளைகிட்டயே கேட்டார். சிஷ்யன் மாதிரி பணிஞ்சு காதைக் கொடுத்தார். எத்தனையோ தடவை கேட்ட கதை. இந்தத் தடவைதான் எனக்கு ஒண்ணு பட்டுச்சு: கேட்டதால அப்பனுக்குக் கௌரவம் குறையல. அதுக்குச் சமமா இன்னொண்ணு, பிள்ளையும் "இது கூடத் தெரியாதா?"ன்னு எரிஞ்சு விழல. காதுகிட்ட போய்ச் சொன்னான்.

வீட்டுல இப்போ

வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு, நாங்க பழகிக்கிட்டதைச் சொல்றேன். உபயோகப்படலாம்.

முதல்ல பேர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டு, அவங்க திரும்பினதுக்கு அப்புறம் பேசணும். 'பேச்சு வருது'ன்னு மூளைக்கு முன்கூட்டியே தெரியறது எவ்வளவு பெரிய உதவின்னு மூணு விசில் சோதனையிலயே பார்த்தோம்.

முகம் தெரியற மாதிரி, வெளிச்சத்துல நின்னு பேசணும். உதடு அசையறதும் கேட்கிறதுல சேர்த்தி. அடுத்த ரூம்ல இருந்து கத்தறது வீண்.

டிவி, மிக்ஸி, ஃபேன் சத்தத்தைக் குறைச்சுட்டுப் பேசணும். கத்தாம, நிதானமா.

ரெண்டு தடவை சொல்லியும் புரியலைன்னா அதே வார்த்தையை மூணாவது தடவை சொல்லாம வேற வார்த்தையில சொல்லணும். 'பட்டு' பிடிபடலைன்னா 'பட்டுப்புடவை'ன்னா பிடிபடும்.

காது பரிசோதனைக்குப் போனா பீப் சோதனையோட நிறுத்தாம வார்த்தைச் சோதனையும் வேணும்னு கேளுங்க. கருவி வாங்கினா முதல் சில வாரம் கரண்டி சத்தம், கதவு சத்தம்னு எல்லாம் இரையும். மூளை பழகிக்க நாள் ஆகும். பெட்டியில போட்டுடாதீங்க.

அப்பாவும் கருவி போட்டிருக்கார். முதல் வாரம் "பேப்பர் மடிக்கிற சத்தம் கூட இடி மாதிரி இருக்குடா"ன்னார். இப்போ பரவாயில்ல. ஆனா கருவி வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லி முடிக்கிறேன்.

பரிசோதனை முடிஞ்ச மறுநாள் அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு, "கிளம்புடா"ன்னார். நேரா அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். கூடத்துல உட்கார்ந்து அந்தப் பெரியப்பாகிட்ட சொன்னார்: "அன்னைக்கு நீங்க கேட்டது எனக்குக் காதுல விழலைங்க. தெரியாம தலையாட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்க. பொண்ணு வேலைக்குப் போவா. உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

அவங்களுக்குச் சம்மதம் இல்ல. அந்தச் சம்பந்தம் அமையல. தங்கச்சி இன்னும் வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கா. வரன் பார்த்துக்கிட்டிருக்கோம்.

திரும்பி வரும்போது பைக்ல பின்னாடி உட்கார்ந்திருந்த அப்பா என்னமோ சொன்னார். ஈ.சி.ஆர் காத்துல எனக்கு ஒரு எழுத்தும் கேட்கல. தலையாட்டலாம்னு ஒரு நொடி தோணுச்சு. வண்டியை ஓரமா நிறுத்தி ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, "என்னப்பா சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

அவர் மறுபடி சொன்னார்.

முருகா சரணம். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!